குடும்பத்தார் நடுவே கில்ட்: இரண்டை அணிந்து பார்த்து எழுதும் மதிப்புரை

ஸ்காட்லாந்து ஆண்களின் மரபுடையான, முழங்கால் வரை வரும் மடிப்புப் பாவாடை போன்ற கில்ட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் திருமணங்களையும் விழாக்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். அத்தகைய இடங்களில் அந்த உடைக்கு ஒரு காரணம் இருப்பதால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் நடமாடும் வீட்டில், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு மாலையில் அதை அணிந்துகொண்டு உட்கார்வதுதான் கடினம். அதற்கு எந்தக் கில்ட் ஏற்றது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த இலேசான துணியில் ஆயத்தமாகக் கிடைத்தது. மற்றொன்று கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணி 8 கஜத்தில், அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டரில், அளவெடுத்துக் கையால் தைக்கப்பட்டது.

இலேசானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் மடிப்புகள் இடுப்பை ஒட்டிச் சிறிதளவே தைக்கப்பட்டிருக்கின்றன. மீதியை இஸ்திரிதான் நிறுத்தி வைத்திருக்கிறது. துவைத்ததும் அவை பிரிந்து, பின்புறம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பக்கிளுக்குப் பதிலாக வெல்க்ரோ வைத்திருப்பதால், குழந்தையைத் தூக்கக் குனியும்போது அது விட்டுக்கொள்ளும் சத்தம் அறையில் இருக்கும் அனைவருக்கும் கேட்கிறது. மின்விசிறிக் காற்றுக்கே முன்மடலின் ஓரம் எழும்புகிறது. ஆகவே அணிந்தவரின் கை ஓயாமல் துணியை இழுத்துக்கொண்டும் அமுக்கிக்கொண்டும் இருக்கும். வீட்டாரைச் சங்கடப்படுத்துவது முழங்கால் தெரிவதல்ல, அமைதியிழந்த அந்தக் கைதான் என்பது என் உறுதியான கருத்து. தன் உடையைத் தானே நம்பாத ஒருவரை மற்றவர்கள் எப்படி இயல்பாகப் பார்க்க முடியும்?

கம்பளிக் கில்ட் இந்தக் கவலையை ஏறக்குறைய முழுவதுமாகப் போக்கிவிடுகிறது. மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதி வரை ஒவ்வொன்றாகக் கையால் தைக்கப்பட்டு, அதற்குக் கீழேதான் விடுபடுகின்றன. முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அகலமான மடல்கள் வருவதால், நடந்தாலும் உட்கார்ந்தாலும் இடைவெளி விழுவதில்லை. உள்மடலை இடப்பக்கத் தோல்பட்டையும், வெளிமடலை வலப்பக்கப் பட்டைகளும் பக்கிளோடு இறுக்கிப் பிடிக்கின்றன. துணியின் கனமே அதைக் கீழே இழுத்து வைத்திருப்பதால் மாடிப்படி ஏறும்போதும் கை தானாகச் சும்மா இருக்கிறது.

இதை முதலில் கவனித்தவர் தையல் தெரிந்த என் அம்மா. கீழோரத்தைப் புரட்டிப் பார்த்தவர், அங்கே மடித்துத் தைத்த அடையாளமே இல்லாததைக் கண்டு, “கரையையே அப்படியே கீழே விட்டிருக்கிறார்களே!” என்றார். பிறகு ஒரு மடிப்பைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தார். அத்தனை துணியை மடித்து உள்ளே தள்ளியிருந்தும், வெளியே தெரியும் டார்ட்டன் என்னும் பலநிறக் கட்டங்கள் ஒரு கோடுகூடத் தவறாமல் பின்புறம் முழுவதும் தொடர்ந்தன. “இதைக் கணக்குப் போட்டுத் தைத்தவர் கெட்டிக்காரர்” என்று சொன்னதோடு அவருடைய தயக்கம் தீர்ந்துவிட்டது. நல்ல தையல் எனக்காகப் பேசியது என்றே அதைக் கொள்கிறேன்.

அப்பாவிடம் அது போதவில்லை. பெண்கள் உடுப்பை ஏன் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார். 1745-இல் பிரிட்டிஷ் அரசருக்கு எதிராக நடந்த கிளர்ச்சிக்குப் பின், 1746-இல் இயற்றப்பட்ட சட்டம் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையைத் தடை செய்தபோது, ஆண்களும் சிறுவர்களும் அணியக்கூடாது என்றே கூறியது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 1782-இல்தான் அத்தடை நீங்கியது என்று எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் அதன் பிறகு நான் கில்ட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தால் பேச்சை நிறுத்துவதில்லை. அது எனக்குப் பெரிய காரியம்.

அணியும் முறையிலும் சில கவனங்கள் தேவை. உட்காரும் முன் புறங்கையால் பின்மடிப்புகளைத் தடவி விட்டு உட்கார வேண்டும். முழங்கால்களைச் சேர்த்து வைக்க வேண்டும். இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் ஸ்போரன் என்னும் தோல்பை வீட்டில் எதற்கு என்று தோன்றலாம். உட்கார்ந்ததும் அது மடியில் விழுந்து துணியை அழுத்திக்கொள்வதால் அதை நான் விடுவதில்லை. கில்ட் ஊசி என்னும் அலங்கார ஊக்கை வெளிமடலில் மட்டுமே குத்த வேண்டும். இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். கில்ட்டுக்கு உள்ளே உள்ளாடை வேண்டாம் என்னும் வீரப்பேச்சுக்குக் குழந்தைகள் மடியேறும் வீட்டில் இடமே இல்லை. நீளக் காலுறை, கோட்டு ஆகியவற்றையும் தவிர்த்துவிடலாம். அவை சேர்ந்தால் வேடம் போலத் தெரிகிறது என்று மனைவி சொன்னது சரி. சாதாரணச் சட்டையோடு அணிந்தால் அது வீட்டு உடையாகிவிடுகிறது.

குறைகளும் உண்டு. 16 அவுன்ஸ் துணி மூடிய அறையில் புழுக்கமாக இருக்கிறது, எடையும் இடுப்பில் உறைக்கிறது. வீட்டில் அணிவதற்கென்றே வாங்குபவருக்கு 13 அவுன்ஸ் துணியே பொருத்தம். மடிப்பும் நிற்கும், வெப்பமும் குறையும். கம்பளியை இயந்திரத்தில் துவைக்க முடியாது. இஸ்திரி போடுவதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் தற்காலிகமாக நூலோட்டிப் பிடிக்க வேண்டும், அது பொறுமையைக் கேட்கும் வேலை.

தைக்கக் கொடுப்பவர்கள் கால்சட்டையின் இடுப்பளவை அப்படியே எழுதி அனுப்ப வேண்டாம். கில்ட் அதைவிட மேலே, தொப்புளை ஒட்டி நிற்கும். நீளத்தை முழங்கால் சில்லின் நடு வரை எடுக்க வேண்டும். குனிந்து நாமே பார்த்தால் அளவு மாறிவிடும் என்பதால், நேராக நின்றுகொண்டு இன்னொருவரை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் வீட்டில் ஒருவராகவே இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகளை அவர் அப்போதே கேட்டுவிடுவார்.