சாலைக்கு எந்த லேசர்?

சாலையை லேசரில் அளக்கப் போகிறோம் என்றால் முதல் கேள்வி, வேண்டியது வரைபடமா, விரிசலா? இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கும் என்பார்கள் விற்பவர்கள். பாதிதான் உண்மை.

வண்டிக் கூரையில் சுழலும் ஸ்கேனரை, அதாவது மொபைல் லைடாரை, முதலில் பார்ப்போம். நடைபாதை விளிம்பு, மின்கம்பம், தொங்கும் கிளை, மேம்பாலத்தின் அடிவயிறு எல்லாம் ஒரே ஓட்டத்தில் புள்ளிகளாக வந்து விழும். சாலைக் கோடுகள் தனியாகப் பளிச்சிடும். பெயின்டில் தூவிய கண்ணாடி மணிகள் லேசரை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் காரணம். வரைபட வேலைக்கு என் ஓட்டு இதற்கே.

விரிசலுக்குக் கணக்கே வேறு. ஸ்கேனர் நொடிக்கு 200 சுற்று, வண்டி மணிக்கு 60 கி.மீ. என்று வையுங்கள். வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் நகர்வதால், ஒரு சுற்று போடும் ஸ்கேன் வரிக்கும் அடுத்த சுற்றின் வரிக்கும் இடையே 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி. சாலைக்குக் குறுக்கே ஓடும் 3 மி.மீ. விரிசல் அதற்குள் சொகுசாகப் படுத்துக்கொள்ளும். வேகத்தைப் பாதியாக்கினாலும் 4 செ.மீ. இருக்கிறது. பெரிய குழி மாட்டும், மெல்லிய விரிசல் தப்பிவிடும்.

அதைப் பிடிக்க வண்டியின் பின்னால் மாட்டும் கோட்டு லேசர் வேண்டும். அது தடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு வீசும். சாய்கோணத்தில் இருக்கும் கேமரா அந்தக் கோடு எங்கே நெளிகிறது என்று பார்க்கும். நெளிவின் அளவை வைத்து ஆழம் கணக்காகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடுகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1 மி.மீ.க்கு ஒரு புள்ளி. விரிசலும் சக்கரத் தடப் பள்ளமும் தெளிவாகத் தெரியும். ஆனால் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல, தன் தடத்தைத் தாண்டி எதையும் பார்க்காது.

துல்லியம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால்தான் குழப்பம். குழி வரைபடத்தில் 2 செ.மீ. தள்ளி விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆழத்தில் 2 செ.மீ. தவறினால் நல்ல சாலை பழுதான சாலையாகிவிடும். சாலையின் மேடுபள்ளத்தை ஒரே எண்ணில் சொல்லும் ஐஆர்ஐ (International Roughness Index) குறியீட்டுக்கும் அப்படித்தான். உலக வங்கி 1982-இல் பிரேசிலில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்த அளவு அது. அதற்கான கருவி, வண்டியின் குலுக்கலை முடுக்கமானியால் கழித்துவிட்டுச் சாலையின் நெளிவை மட்டும் எடுக்கும். ஜிபிஎஸ் எந்த இடம் என்று சொன்னால் போதும்.

முக்காலி ஸ்கேனர் ஒரு சந்திப்புக்கோ பாலத்துக்கோ அருமை. ஆனால் 2 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு 20 மீட்டர் தள்ளியுள்ள தரையைப் பார்க்கும்போது, கதிர் 6 டிகிரிக்கும் குறைவான சாய்வில் தடவிக்கொண்டு போகும். குழியின் அடி நிழலில் ஒளிந்துவிடும். ட்ரோன் மேலிருந்து பார்ப்பதால் அந்தத் தொல்லை இல்லை. சரிவும் வடிகாலும் நன்றாக வரும், விரிசலை மட்டும் கேட்காதீர்கள்.

எதை எடுத்தாலும் மழை விட்டதும் ஓட்டாதீர்கள். தேங்கிய நீர் கண்ணாடி போல லேசரை வேறு பக்கம் தள்ளிவிடும். நாம் தேடிப்போன பள்ளத்தில்தான் தண்ணீர் நிற்கும், அங்கேதான் புள்ளி மேகத்தில், அதாவது லேசர் அளந்த புள்ளிகளின் தொகுப்பில், வெற்றிடம் விழும்.