டிராகன் முட்டை: ஏமன் சொல்வதா, ஆன்சன் சொல்வதா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் வரிசையில், இளவரசி டனேரிஸின் மூன்று டிராகன்களையும் ஆண் என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். அப்படியானால் அடுத்த முட்டை எங்கிருந்து வரும்? டிராகன் பால் மாறும், மாறாது என்று ரசிகர்கள் இரண்டு கட்சி.

கதைச் சான்று
பால் மாறும்: 2005இல் வந்த நான்காம் நாவலில் முதியவர் ஏமன், டிராகன் ஆணுமல்ல பெண்ணுமல்ல, தீயைப் போல மாறுவது என்கிறார், டிராகன்களைப் பற்றி எழுதிய பழைய மதகுரு பார்த் கண்ட உண்மையாம் அது.
பால் மாறாது: பார்த் உருவகமாகச் சொன்னதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள் என்பது அதே கதையுலகின் அறிஞர் ஆன்சனின் மறுப்பு. வெர்மாக்ஸ் என்ற ஆண் டிராகன் விண்டர்ஃபெல் கோட்டையில் முட்டையிட்டதாகக் கதை கட்டியவர் மஷ்ரூம். அரசவைக் கோமாளியின் பேச்சு அது. பாதியைக் கழித்துக்கொண்டு மீதியையும் சந்தேகிக்கலாம். சிராக்ஸ் என்ற டிராகன் முட்டையிட்டது, ஆனால் அதை யாரும் ஆண் என்று சொன்னதில்லை.

உயிரியல்
பால் மாறும்: கோமாளி மீன் ஆணாயிருந்து பெண்ணாகும். ஆனால் திரும்ப ஆணாகாது.
பால் மாறாது: ஊர்வனவற்றில் இதுவே வழக்கம். கொமோடோ டிராகன் துணையின்றியே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது 2006இல் உறுதியானது. அதற்கும் முதலில் ஒரு பெண் வேண்டும்.

சான்றில் கறாராக இருப்பவர்களுக்கு ஆன்சன். டிராகன் வம்சம் தழைக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏமனைத் தவிர வேறு போக்கில்லை. நான் ஏமன் பக்கம்.