மன அழுத்தத்தில் குழந்தையாதல்: நாமாகப் போவதும் தானாக வருவதும்
நெருக்கடியில் மனம் சின்ன வயதுக்குத் திரும்புவதை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 'பின்னடைவு' என்றார். இது இரு விதம்.

நாமாகப் போவது எளிது: வேலை முடிந்து அரை மணி நேரம் பொம்மையை அணைத்தபடி கார்ட்டூன், இல்லையென்றால் கிரேயான். அலாரம் அடித்தால் எழுந்து சமைக்கப் போக முடியும். கட்ட வேண்டிய பில்லைத் தள்ளிப்போட இதையே சாக்காக்கினால்தான் வம்பு.

தானாக வருவது வேறு ரகம். ஓர் அதட்டலோ வாசனையோ போதும். குரல் மழலையாகும், பேச்சு அடைக்கும், பிறகு நடந்தது சரியாக நினைவில்லாமலும் போகலாம். பெரும்பாலும் சிறுவயது மனக்காயம் பின்னால் இருக்கும். 'வயசுக்கேத்த மாதிரி நட' என்று கண்டித்தால் இன்னும் முற்றும். அப்படி ஆனவரின் பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவர். முதியவருக்குத் திடீரென வந்தால் மூளைப் பாதிப்பாகவும் இருக்கலாம், அன்றே மருத்துவமனை.