சிவாஜி நகர் ஃபிரேம் கடை: கை நல்ல கை, காதுதான் கொஞ்சம் மந்தம்

பெங்களூர் குக் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் இருபத்தாறு வருஷமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சுவரில் இத்தனை நாளும் ஒரு நகைக்கடைக் காலண்டரும் பரீட்சை அட்டவணையும்தான் தொங்கின. போன மாதம் இரண்டையும் கழற்றிவிட்டு நாலு படம் மாட்டினேன். நாலும் பழைய இசைத்தாள்களின் முகப்பு. அவற்றை பிரின்ட் எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். பெயரைப் போட்டால் குறையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் கடைக்கார பாயிடம் சண்டை போட நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அவ்வளவு கத்தினேன் என்று புரியாது.

ரிக்கார்டு, ரேடியோ எல்லாம் வருமுன் ஒரு பாட்டு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தாளாகத்தான் நுழையும். லண்டனிலும் பாஸ்டனிலும் பியானோ இருந்த வீட்டுப் பெண்கள் புதுப் பாட்டுத் தாளை வாங்கி வந்து வாசிப்பார்கள். கடை ஜன்னலில் தொங்குகிற நூறு தாள்களில் ஒன்றை எடுக்க வைக்க வேண்டுமே, அதற்குத்தான் முகப்பில் படம். நம் ஊர் சினிமா போஸ்டர் செய்யும் அதே வேலை. 1840களில் ஐரோப்பா முழுக்க போல்கா ஆட்டப் பைத்தியம் பிடித்தபோது, லண்டனில் ஜூலியன் என்ற ஆடம்பரமான கண்டக்டர் தன் போல்காக்களை வண்ண முகப்போடு வெளியிட்டார். அவருக்கு நிறைய வரைந்தவர் ஜான் பிரான்டார்டு. அடுத்த தலைமுறையில் ஆல்ஃபிரட் கன்கேனன், மியூசிக் ஹால் என்ற கேளிக்கை அரங்குகளின் வேடிக்கைப் பாட்டுகளுக்கு. அமெரிக்காவில் பெரிய ஓவியராகப் பின்னாளில் பெயரெடுத்த வின்ஸ்லோ ஹோமர்கூட 1850களில் பாஸ்டனில் பஃபர்டு என்பவரின் லித்தோ (கல்லில் வரைந்து அச்சடிக்கும்) கூடத்தில் தொழில் பழகும் பையனாக இருந்து இப்படி முகப்புகள் வரைந்தவர்தான்.

இவை இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் தன்னிடம் இருப்பதில் நிறையவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து நூலகத்தில் லெவி சேகரிப்பு இருக்கிறது: சுமார் 29,000 தாள்கள். லெஸ்டர் லெவி வைக்கோல் தொப்பி செய்யும் குடும்பத்துக்காரர். தொப்பி விற்ற காசில் பாட்டுத் தாள் சேர்த்து, 1976-ல் மொத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். முகப்பில் குடை இருக்கிறதா, குதிரை இருக்கிறதா என்றுகூடத் தேடலாம். நான் ஒரு ராத்திரி உட்கார்ந்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கி வரைந்த அமெரிக்க முகப்புகள் அதில் ஏராளம். வரலாறு என்று பாதுகாத்து வைப்பது சரி. பிள்ளைகள் ஸ்கேல் வாசிக்கிற சுவரில் அவை வேண்டாம் என்று தள்ளினேன்.

கடைசியில் தேறியவை: ஒற்றைக்கால் நுனியில் நிற்கும் நடனக்காரியுடன் ஒரு பிரான்டார்டு. மழைத் தெருவில் மீசைக்காரர் ஒருவர் குடையோடு நிற்கும் ஒரு கன்கேனன். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த ஓர் அமெரிக்கத் தாள். நாலாவதில் படமே இல்லை. அமெரிக்கத் தேசிய கீதம் 1814-ல் பால்டிமோரில் இசையோடு முதல்முதலாக அச்சான தாள் அது. தலைப்புக்குக் கீழே ‘பேட்ரியாட்டிக்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ட்’ விழுந்துபோய் ‘பேரியாட்டிக்’ என்றே அச்சாகிவிட்டது. ஒரு தப்பு நோட் வாசித்துவிட்டு அழுகிற பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல படம் உண்டா?

இனி கடை. நாலு ஃபைலையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் போனேன். புத்தி கெட்ட வேளை. மாதா திருவிழா, பசிலிக்கா பக்கமே போக முடியவில்லை. ஆட்டோக்காரர் கோல்ஸ் பார்க்கிலேயே இறக்கிவிட்டார். கடை பத்தடி அகலம்தான். முன்னால் ஃபிரேமுக்கான பீடிங் கட்டைகள் சாய்த்து வைத்திருக்கும், பின்னால் ஒரு பெரிய பிரின்டர், அதன் முன் ஒரு பையன். பாய்க்கு ஆம்பூர் பக்கம். என்னை ‘டீச்சரம்மா’ என்பார். பருத்திக் காகிதத்தில் பிரின்ட், படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுன்ட், தேக்குப் பீடிங், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 1,900 ரூபாய் என்றார். நாலுக்கும் 7,000 என்று முடித்தோம். பக்கத்துக் கடைகளில் 1,200-க்கும் செய்கிறார்கள், ஆனால் அது மினுமினுக்கிற போட்டோ பேப்பர்.

நான் மூன்று விஷயம் சொன்னேன். அசல் அளவிலேயே வேண்டும், பெரிசாக்கக் கூடாது. காகிதத்தின் பழுப்பை மாற்றக் கூடாது. ஓரம் எதையும் வெட்டக் கூடாது. “ஆயிடும் டீச்சரம்மா” என்றார். எழுதிக்கொடுக்கவில்லை, அதுதான் என் தப்பு.

எட்டு நாள் கழித்துப் போனால், அசந்துபோனேன். கெட்ட அர்த்தத்தில். தாள்கள் நேற்று அச்சானவை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தன. பிரின்டர் பையன் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டி 170 வருஷப் பழுப்பைத் துடைத்து எறிந்திருக்கிறான். நடனக்காரியின் கன்னத்து இளஞ்சிவப்பும் அதோடு போய், காய்ச்சல்காரி மாதிரி நிற்கிறாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கடையில் தயாராக இருந்த 12-க்கு 15 ஃபிரேமில் அடங்க வேண்டும் என்று நாலையும் இழுத்திருக்கிறார்கள். அந்தக் கால லண்டன் தாள் பத்துக்குப் பதினாலு அங்குலம். அகலம் பன்னிரண்டாக இழுத்தால் உயரம் பதினேழை எட்டுகிறது. மிச்சத்தை எங்கே வெட்டுவது? மேலே பெரிய எழுத்தில் தலைப்பு இருக்கிறது, அதைத் தொட பயம். கீழே ஏதோ பொடி எழுத்துதானே என்று அந்தப் பக்கமே ஏறக்குறைய இரண்டு அங்குலம் போட்டுத் தள்ளியாயிற்று.

அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் நான் அந்தப் படத்தையே எடுத்தேன்.

இந்தத் தாள்களில் பெரும்பாலும் வருஷம் போட மாட்டார்கள், போட்டால் அடுத்த வருஷம் பழசு என்று யாரும் வாங்க மாட்டார்களே. கீழே இருக்கும் அந்த வரியில்தான் எல்லாம் இருக்கும்: கல்லில் அச்சடித்தவர் பெயர், பதிப்பித்தவர், அவர் கடை எந்தத் தெருவில், விலை எத்தனை ஷில்லிங். பதிப்பகத்தார் தெரு மாறிக்கொண்டே இருப்பார்கள். எந்தத் தெரு என்று பார்த்து எந்த வருஷம் என்று கணக்குப் போடுவார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். என் பிரான்டார்டில் ‘எம் அண்ட் என் ஹன்ஹார்ட்’ என்று எறும்பு சைஸில் இருந்தது. கல்லச்சுக்காரர்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது யாரோ ஒரு பெண் ஆடுகிற படம், அவ்வளவுதான்.

அந்தக் காலத்திலும் இதே கதைதான். வீட்டுப் பெண்கள் வாங்கிய தாள்களையெல்லாம் சேர்த்து பைண்டு பண்ணக் கொடுப்பார்கள், தோல் அட்டையில் தங்க எழுத்தில் அவள் பெயரைப் பொறித்து. பைண்டர் அளவு சமமாக வரட்டும் என்று ஓரத்தைச் சீவிவிடுவார். கீழ்வரி பாதி போன தாள்கள் மியூசியத்திலேயே இருக்கின்றன. பைண்டர் கத்தியில் தப்பிப் பிழைத்த ஒரு தாள் சிவாஜி நகரில் வந்து மாட்டிக்கொண்டது.

நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். பாய்க்கு உண்மையிலேயே புரியவில்லை. “கசம் முசம்னு எழுத்து டீச்சரம்மா, அது இல்லாம இப்பதான் படம் எடுப்பா இருக்கு” என்கிறார். அப்போதுதான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். பழைய ரவிவர்மா லட்சுமி, புடவைக் கரையில் சம்க்கி வைத்துத் தைத்தது. அவருடைய அத்தா காலத்தில் யாரோ ஃபிரேம் போடக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன படமாம். இருபதாயிரத்துக்குக் கேட்டும் கொடுக்கவில்லையாம். ஸ்டூல் போட்டு ஏறி அதன் அடியில் விரலை வைத்தேன்: ‘ரவிவர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா’.

“இந்த வரியை வெட்டிட்டா இதுக்கு இருபதாயிரம் கேப்பாங்களா, பாய்?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டு அந்த வரியை அவனையும் படிக்க வைத்தார்.

இரண்டும் ஒரே தொழில் என்று அவருக்குச் சொன்னேன். ஜெர்மனியில் பவேரியாவில் ஆலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகக்காரர், தன் நாடகத்தை அச்சடிக்கக் காசில்லாமல், சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் எழுதி அச்செடுக்க வழி தேடினார். ஈரக் கல்லில் மை எண்ணெய்ப்பசை உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும், தண்ணீர் பட்ட இடத்தில் ஒட்டாது. மொத்த வித்தையும் அவ்வளவுதான். 1796-லேயே கிளைஸ்னர் என்ற இசையமைப்பாளரின் பாட்டுகளைத்தான் கல்லை வைத்து முதலில் அச்சடித்தார்கள். அதாவது அந்தக் கல் பிறந்ததே பாட்டுத் தாள் வேலையில். பிறகு நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து வண்ணப்படம் அடிக்க வந்தது. அதே ஜெர்மன் இயந்திரங்களையும் ஆட்களையும் வரவழைத்து ரவிவர்மா 1894-ல் பம்பாயில் பிரஸ் தொடங்கினார், அப்புறம் அது லோனாவ்லா பக்கம் போனது. பாய் இதை ரசித்துக் கேட்டார். டீ வந்தது. ஆனால் மறு பிரின்டுக்கு ஒன்றுக்கு 300 ரூபாய் கேட்கவும் மறக்கவில்லை. காகிதச் செலவாம். 600-க்கு முடித்தேன். என்னைக் கேட்டால் அவர் ஒரு பைசா வாங்கியிருக்கக் கூடாது.

இரண்டாம் தடவை வந்த வேலை வேறு ரகம். பழுப்பு அப்படியே இருக்கிறது. கன்கேனன் படத்தின் குடைக்குக் கீழே மடிப்பு விழுந்த கோடுகூடத் தெரிகிறது. என் ஃபைல் நீளவாக்கில் 2,500 பிக்சல்தான். பதினாலு அங்குலத்தில் அங்குலத்துக்கு சுமார் 180 வரும். இழுத்தபோது உடைந்த எழுத்து இப்போது கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறது (என் கண்ணாடியைச் சொல்கிறேன்). அசல் அளவில் மாட்டியதில் இன்னொரு லாபம். போருக்குப் பிறகு வந்த அமெரிக்கத் தாள் ஒன்பதுக்குப் பன்னிரண்டுதான். போர்க்காலக் காகிதப் பஞ்சத்தில் சுருங்கிய அளவு அது. பக்கத்தில் பெரிய தாள் இருப்பதால் பிள்ளைகள் தாங்களாகவே ஏன் என்று கேட்கிறார்கள்.

மவுன்ட் வெட்டு அபாரம். நாற்பத்தைந்து டிகிரிச் சரிவு நாலு மூலையிலும் துளி பிசிறில்லாமல் சேருகிறது. அதை வெட்டியவர் பிகாரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கடையில் யாரோடும் பேச மாட்டார். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் மவுன்ட் இடைவெளி கொடுக்கிறது. இந்த ஊர் மழைக்கு இது முக்கியம், ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம்தான் ஏமாற்றம். அமிலமில்லாத அட்டை என்று சொன்னார், திருப்பிப் பார்த்தால் சாதா ஹார்டுபோர்டில் பழுப்பு டேப். இவை பிரின்ட்தானே என்று விட்டுவிட்டேன். பாட்டி காலத்து அசல் தாளையோ கல்யாண போட்டோவையோ கொடுப்பவர்கள் பின் அட்டையை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஹார்டுபோர்டு ஒரு பொருட்டே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மறுபடியும் போவேனா என்றால் போவேன், ஆனால் அளவை இஞ்ச் கணக்கில் காகிதத்தில் எழுதி, வெட்டக் கூடாத இடத்தைச் சிவப்பு மையால் கோடு போட்டு, பாயிடம் கொடுக்காமல் நேராக பிரின்டர் பையனிடம் கொடுப்பேன். இப்போது அவன் கையில் படம் வந்தால் முதலில் அடியைத்தான் பார்க்கிறானாம். போன வாரம் யாரோ கொண்டுவந்த முருகன் காலண்டரில் சிவகாசி அச்சகத்தின் பெயரை விட்டுவைத்து ஃபிரேம் போட்டுவிட்டானாம். வாடிக்கையாளர் சண்டை போட்டுவிட்டுப் போனார் என்று பாய் எனக்கு போன் பண்ணிக் குறைப்பட்டார்.

அந்த போனிலேயே நாலாவது ஃபிரேமின் கொக்கி ஒரு பக்கம் இறக்கமாக அடித்திருக்கிறது என்று நினைவூட்டினேன். பையனை நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். ஆறு நாளாயிற்று. அதுவரை ‘பேரியாட்டிக்’ சாயாமல் இருக்க அதன் பின்னால் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன்.