சிஎச்340ஜி மாட்யூல்: கேட்கும் பாட் ரேட்டும் கிடைக்கும் பாட் ரேட்டும்

கணினியின் யூஎஸ்பி-யை ஆர்டுயினோ போன்ற போர்டுகளின் சீரியல் இணைப்போடு சேர்க்கும் யூஎஸ்பி-சீரியல் மாட்யூல்களில் விலை குறைந்த வரிசையில் நிற்பது சிஎச்340ஜி. விலையைப் பார்த்து வேகத்தின் மேல் சந்தேகப்படுவோர் நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியது சிப்பை அல்ல, டிரைவரை (சிப்பை இயக்கும் கணினி மென்பொருளை).

சிப்புக்கு வெளியே இருப்பது 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். வேகக் கணக்கு 48 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும். உயர்ந்த வேகங்களுக்கு அதை 8-ஆல் வகுத்து 6 மெகாஹெர்ட்ஸ், அல்லது 4-ஆல் வகுத்து 12 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளலாம். பிறகு 256 வரையிலான ஒரு முழு எண்ணால் வகுத்தால் பாட் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம். 12-ஐ எடுத்தால் அந்த எண் 9-க்குக் கீழே போகக்கூடாது.

115200 கேட்டால் 6000000 / 52, அதாவது 115385. பிழை 0.16 சதவீதம். 250000, 500000, 1000000, 2000000 எல்லாம் பிசிறில்லாமல் வரும். இசைக் கருவிகள் பேசும் மிடியின் 31250-ம் அப்படியே.

சிக்கல் 921600-ல்தான். 12000000 / 13 போட்டால் 923077, நல்ல விடை. ஆனால் லினக்ஸின் பழைய சிஎச்341 டிரைவர் (சிஎச்340-க்கும் இதுதான்) 12 மெகாஹெர்ட்ஸ் பக்கமே போகாது. 6000000 / 7 என்று வகுத்து 857143-ல் நிறுத்திவிடும். 7 சதவீதம் குறைவு. ஸ்டார்ட் பிட்டிலிருந்து ஸ்டாப் பிட்டின் நடுவரை 9.5 பிட் தூரம். 7 சதவீதப் பிழை அங்கே போய்ச் சேரும்போது 0.67 பிட் ஆகிவிடும். அரை பிட்டைத் தாண்டினாலே குப்பைதான் வரும். கர்னலைப் புதுப்பித்தால் இது தீரும். முடியாதவர்கள் 460800-க்கு இறங்கலாம். பழைய டிரைவரும் அதை 13-ஆல் சரியாக வகுக்கும்.

எதிர்முனையின் பிழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ 115200 என்று சொல்லி 117647-ல் பேசும், 2.1 சதவீதம் அங்கேயே செலவு. அந்த போர்டுக்கு 115200-ஐவிட 250000 பாதுகாப்பானது. காதுக்கு விநோதமாக இருந்தாலும் இரு பக்கமும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது.

மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்கள் இரண்டையும் ஒயரால் இணைத்துச் சோதிப்பது பாட் ரேட்டுக்குச் சோதனையே அல்ல. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே வகுஎண் என்பதால் 7 சதவீதம் தப்பாக இருந்தாலும் எழுத்து சரியாகத் திரும்பி வரும். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் வைத்து, ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'-வை (பதினாறடிமான 55) இடைவெளி விடாமல் அனுப்பி லாஜிக் அனலைசரில் (சிக்னலை அலையாகக் காட்டும் கருவி) பாருங்கள். பாட் ரேட்டில் பாதி அலைவெண் கொண்ட சதுர அலை தெரியும். 115200-க்கு 57.69 கிலோஹெர்ட்ஸ் காட்டினால் சரி.

சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வகுஎண்ணை அப்படியே ரெஜிஸ்டரில் போடக்கூடாது. 256-லிருந்து கழித்துப் போட வேண்டும். கூடவே எழுதும் ப்ரீஸ்கேலர் பைட்டில் (48 மெகாஹெர்ட்ஸை முதலில் எதனால் வகுப்பது என்று சொல்வது) 7-ஆம் பிட்டை ஏற்ற மறந்தால், 32 பைட் நிரம்பும் வரை சிப் எதையும் கணினிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும். வேகம் சரி, ஆனால் பதில் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

மாற்றாக விற்கும் சிபி2102-க்கு மாட்யூல் தோற்றம் நேர்த்தி, ஆனால் வேகம் ஒரு நிலையான பட்டியலிலிருந்துதான். 31250 கேட்டால் லினக்ஸ் டிரைவர் 38400-ஐக் கொடுக்கும். வைஃபை சிப்பான ஈஎஸ்பி8266-இன் பூட் செய்திகளுக்கான 74880 கேட்டால் 76800, அதாவது 2.6 சதவீதம் அதிகம். சிஎச்340ஜி அதே இடத்தில் 75000 தரும். பெயரின் கடைசியில் 'என்' சேர்ந்த சிபி2102என்-க்கு இந்தப் பட்டியல் கட்டுப்பாடு இல்லை. இன்னொரு மாற்றான எஃப்டி232ஆர்எல் சிப் 30 லட்சத்தை எட்டில் ஒரு பங்கு பின்னங்களாலும் வகுக்கும் என்பதால் நடு வேகங்களில் கைதேர்ந்தது. ஆனால் 30, 20, 15 லட்சங்களுக்கு இடையே அதிலும் வேறு படி கிடையாது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் தாமதமாக வந்தால் அதன் லேட்டன்சி டைமரை (அனுப்புமுன் காத்திருக்கும் நேரத்தை) 16 மில்லிசெகண்டிலிருந்து 1-க்குக் குறையுங்கள்.

ஈஎஸ்பி, ஆர்டுயினோ, மிடி வேலைக்கு சிஎச்340ஜி தாராளமாகப் போதும். 20 லட்சத்தில் ஓட்டுவதாக இருந்தால் சிடிஎஸ், ஆர்டிஎஸ் (அனுப்பலாமா, நிறுத்தவா என்று சொல்லும்) பின்கள் வெளியே எடுத்த மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள். பல மாட்யூல்களில் அவை சிப்போடு நின்றுவிடுகின்றன.