ஹெல்த்சர்வ்: பல் வலியோடு போனவரும் உடன் போன நானும்

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், கடைவாய்ப் பல் வலியை மூன்று வாரங்களாக மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தார். தனியார் பல் மருத்துவரிடம் போனால் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும் என்பது அவருடைய கணக்கு. அவரை ஹெல்த்சர்வ் கிளினிக்குக்கு அழைத்துப் போனதை வைத்தே இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக மருத்துவர் கோ வெய் லியோங்கும் அவருடைய நண்பரும் கிறிஸ்தவ நம்பிக்கையின் உந்துதலால் 2006இல் தொடங்கிய தொண்டு நிறுவனம் இது. இதை நான் சொன்னதும் தம்பி சற்றுத் தயங்கி, “மதம் மாறச் சொல்வார்களா அண்ணே?” என்று கேட்டார், ஊரில் காதில் விழுந்த பேச்சு அது, அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்த நேரம் முழுவதும் ஒருவரும் எங்களிடம் மதம் பேசவில்லை. அந்நியனை உள்ளூர்க்காரனைப் போல நடத்து, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன்தானே என்று பைபிளின் லேவியராகமம் சொல்வதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பகல் முழுவதும் வேறிடத்தில் உழைத்துவிட்டு வந்து, பல்லைப் பார்ப்பதற்கு முன் “எந்த ஊர், சாப்பிட்டீர்களா?” என்று கேட்ட தன்னார்வலரிடம் அதைக் கண்டேன். தமிழில் கேட்டார் என்பதால் தம்பியும் வலியைச் சைகையால் காட்டாமல், எப்போது தொடங்கியது என்பதிலிருந்து விரிவாகச் சொன்னார்.

காய்ச்சல், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு இங்கே வர வேண்டிய தேவை இப்போது குறைந்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் தங்குவிடுதித் தொழிலாளர்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமாகியிருப்பதால், அதற்குரிய நிலையங்களில் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் மனக்கலக்கத்தை அங்கே எத்தனை பேர் வாய்திறந்து சொல்வார்கள்? 2020இல் விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொரோனா தொற்றியதையும், மாதக்கணக்கில் அவர்கள் அறைகளுக்குள் அடைந்து கிடந்ததையும் நினைத்தால், ஹெல்த்சர்வ் மனநல ஆலோசனைக்கும் அவசரத் தொலைபேசி உதவிக்கும் தரும் முக்கியத்துவம் விளங்கும். என் மதிப்பீட்டில், இந்த இடத்தின் உண்மையான பெறுமதி அந்த மனநல உதவியில்தான் இருக்கிறது.

கிளினிக் ஆடம்பரமற்றது. தன்னார்வ மருத்துவர்களை நம்பி நடப்பதால், நினைத்த நேரத்தில் போய் நிற்காமல் முன்கூட்டியே நேரம் கேட்டு வைப்பதும், வொர்க் பெர்மிட் அட்டையைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது.

வேலையிடத்தில் காயமடைந்து, இழப்பீட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இங்கே வழிகாட்டுகிறார்கள். தம்பியின் அறைத்தோழருக்குக் கையில் அடிபட்டிருக்கிறது; அவருடைய கம்பெனி எம்.சி.யை (மருத்துவ விடுப்புச் சான்றை) ஏற்காமல் ‘லைட் டூட்டி’ என்று இலகு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பேச முடியாத நிலையிலும், தம்பி அந்த நண்பருக்காக விவரம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார்.