இருபத்திரண்டு ஜேர்சி, மூன்று அனுசரணையாளர், பதினைந்து தோய்ப்பு

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் ஜேர்சிப் பை 19 வருடமாக நாவற்குடாவில் என் வீட்டில்தான் இருக்கிறது. போட்டி முடிந்து பொடியன்கள் கழற்றிப் போடுவதை எண்ணி எடுத்து வருவது நான். ஊறப்போட்டுத் தோய்ப்பது நானும் மனைவியும். புது ஜேர்சி வந்த அன்று வரிசையாக நின்று படம் எடுக்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். பதினைந்து தரம் தோய்த்துக் கொடியில் காயும்போது பார்த்தால்தான் அதன் தரம் விளங்கும். இந்த வருடத்து ஜேர்சியை அப்படிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

மாசி மாதம் மட்டக்களப்பு நகரில் ஜேர்சி அடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் ஓடர் கொடுத்தோம். 22 ஜேர்சி, ஒன்று 1,850 ரூபா, மொத்தம் 40,700. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்த பிழையைக் கடைசியில் ஒப்புக்கொண்டு திருத்தித் தந்தார்கள், அந்த மரியாதை அவர்களுக்கு இருக்கட்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்னது பதினாறாம் நாள்தான் வந்தது. சுற்றுப்போட்டிக்கு அப்போதும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது, சரி.

துணி அருமை. இன்ரர்லொக் பொலியெஸ்ரர், கையில் பாரமே தெரியாது. தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கழுத்துப் பட்டியிலும் தோளிலும் இரட்டைத் தையல். ஆறு பேருக்கு அளவு சந்தேகம் என்றதும் மாதிரி ஜேர்சிகளைத் தந்து போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் கழகச் சின்னம் வட்ஸ்அப்பில் அனுப்பிய படமாகத்தான் இருந்தது. அதை அப்படியே பெரிதாக்கியிருந்தால் ஓரமெல்லாம் கலங்கியிருக்கும். கடையில் வேலை செய்யும் தம்பி கணினியில் புதிதாகக் கீறித் தந்தார், அதற்குக் காசு கேட்கவில்லை. எங்கள் நீலம் மட்டும் கொஞ்சம் ஊதா கலந்து வந்துவிட்டது. திரையில் தெரிகிற நிறமும் அச்சில் விழுகிற நிறமும் ஒன்றாக இருக்காது, ஒரு சாண் துணியில் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஓடர் கொடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இந்த அச்சு முறையை சப்ளிமேசன் என்கிறார்கள். காகிதத்தில் அச்சடித்த மையை வெள்ளைப் பொலியெஸ்ரரில் வைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் இறங்கிவிடும். துணிக்கு மேலே ஒரு படையும் நிற்காது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. 1994 இல் நான் விளையாடிய காலத்தில் வெள்ளைப் பெனியனை நீலத்தில் தோய்த்து, மட்டையில் இலக்கத்தை வெட்டி, எனாமல் பெயின்ற் பூசுவோம். காய்ந்த பிறகு அந்த இடம் முதுகில் தகரம் மாதிரி நிற்கும். அதைப் போட்டு விளையாடியவனுக்கு இந்தத் துணியைத் தொட்டதும் வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

பிழை நெஞ்சில்தான் நடந்தது.

எங்களுக்கு மூன்று பேர் அனுசரணை தந்தார்கள். ஹாட்வெயார் கடை முதலாளி 25,000. பேக்கரிக்காரர் 5,000. சுவிஸில் இருக்கும் ஒரு தம்பி, தகப்பனாரின் ஞாபகார்த்தமாக 15,000. அவருடைய தகப்பன் எங்கள் கழகத்தின் பழைய பின்கள வீரர், ஐந்தாம் இலக்கம். நாங்கள் கொடுத்த டிசைனில் நெஞ்சின் நடுவில் ஊர்ப் பெயர், அதற்குக் கீழே ஹாட்வெயார், வலது கையில் ‘அமரர்’ என்று தொடங்கி அந்தப் பெரியவரின் பெயர், இடது கையில் பேக்கரி.

ஓடர் கொடுத்து நாலாம் நாள் ஹாட்வெயார் முதலாளி தனியாகக் கடைக்குப் போயிருக்கிறார். தன் கடைப் பெயர் பெரிதாக, பொன்னிறத்தில் மினுங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவரில் எனக்குக் கோபமில்லை, காசு தந்தவர், ஆசைப்பட்டுக் கேட்டார். கடைக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியதுதான் பிழை. பொன் மினுக்கம் சப்ளிமேசனில் வராது. அதனால் வினைல் ஸ்டிக்கரை வெட்டிச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். அகலம் 11 அங்குலம், உயரம் 5. ஊர்ப் பெயரைத் தூக்கி முதுகில், கழுத்துக்குக் கீழே, விரல் நீளத்துக்குப் போட்டுவிட்டார்கள். ஜேர்சியை விரித்துப் பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நாங்கள் எந்த ஊருக்கு விளையாடுகிறோம் என்பது எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது.

1973 இல் மேற்கு ஜேர்மனியில் பிரவுன்ஷ்வைக் கழகத்துக்கு நடந்ததுதான் அப்போது நினைவுக்கு வந்தது. யேகர்மைஸ்ரர் என்ற மதுபானக் கம்பனி காசு தந்தது. நெஞ்சில் விளம்பரம் போட ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் இடம் கொடுக்கவில்லை. கழகச் சின்னம் போடலாம்தானே என்று, தங்கள் சிங்கத்தை எடுத்துவிட்டு யேகர்மைஸ்ரர் போத்தலில் இருக்கிற மான் தலையையே கழகச் சின்னமாக்கிக்கொண்டார்கள். ஜேர்மனியின் முதற்பிரிவில் ஜேர்சி விளம்பரம் அப்படித்தான் தொடங்கியது. காசு தருகிறவருக்கு இடம் கொடுப்பது ஒன்று, அவருக்காக நம் அடையாளத்தையே கழற்றி வைப்பது வேறொன்று. எனக்கு இந்தக் கோடு முக்கியம்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் வெபர் மைதானத்தில் பின்னேரம் மூன்றரைக்கு ஒரு போட்டி. நெருப்பு மாதிரி வெயில். முதற்பாதி முடிந்து வந்த எட்டாம் இலக்கப் பொடியன் ஜேர்சியை நெஞ்சிலிருந்து இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கையும் முதுகும் காற்றில் காய்ந்திருந்தன. ஸ்டிக்கருக்கு உட்பக்கம் மட்டும் வியர்வை சொட்டச் சொட்ட நனைந்து, நெஞ்சில் 11 அங்குலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. வினைல் காற்றை விடாது, அவ்வளவுதான் காரணம். என் பழைய எனாமல் பெயின்ற் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மறுகா தோய்ப்பு. உட்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், பிளீச் போடாமல், நிழலில் காயப் போட்டேன். அயன் பெட்டி பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை. ஆறாம் தோய்ப்பில் ஓரம் கிளம்பத் தொடங்கியது. பத்தாம் தோய்ப்பில் எட்டாம் இலக்கத்தில் ‘ஹாட்வெயார்’ என்பதன் ‘ஹா’ உரிந்து வாளிக்குள் கிடந்தது. பதினைந்தாவதில் 22 இல் 13 ஜேர்சி வெடிப்பு.

அதே பதினைந்து தோய்ப்புக்குப் பிறகும் வலது கையில் அந்தப் பெரியவரின் பெயர் ஒரு புள்ளிகூட மங்கவில்லை. ஜேர்சி கையளித்த அன்று அவருடைய மனைவி வந்திருந்தார், நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர். ஒரு ஜேர்சியை மடியில் வைத்து, கைப்பகுதியைப் பிடித்து, அந்தப் பெயரைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“மனே, இது கழுவினா போகாதா?”

“போகாது மாமி. நூலுக்குள்ள இறங்கின மை.”

பிறகும் ஒருக்கால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

ஆவணியில் கழகக் கூட்டம் போட்டோம். அனுசரணை இல்லாமல் இந்தக் காலத்தில் கழகம் நடத்த ஏலாது, அதை நான் நன்றாக அறிவேன். பந்து, வலை, நடுவர் செலவு, தூரப் போட்டிக்கு வான் கூலி, எல்லாம் காசு. பெரிய பார்சிலோனாவே நெஞ்சில் விளம்பரம் இல்லாமல் இருந்து, 2006 இல் ஐ.நா.வின் சிறுவர் நிதியமான யுனிசெப்பின் பெயரைப் போட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை, வருடத்துக்கு 15 லட்சம் யூரோ கழகமே கொடுத்தது. பிறகு காசுக்குக் கட்டாரின் பெயர் வந்தது, 2022 இல் பாட்டுக் கேட்கிற செயலியான ஸ்பொட்டிபை வந்தது. அவர்களே தாக்குப்பிடிக்காத இடத்தில் நாங்கள் எம்மாத்திரம்? ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தாட்டத்தில் 2017 இல் விளம்பரத்துக்கு இடம் விட்டபோது, தோள் பக்கத்தில் இரண்டரை அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம் என்று அளந்து கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் காசு புரளும் இடத்தில் அவ்வளவு சின்னச் சதுரம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் நாட்டு அணிகளின் ஜேர்சியில் உடுப்புத் தைக்கும் கம்பனியின் அடையாளம் தவிர வேறு வணிகப் பெயரே கிடையாது. நம் கிரிக்கெட் அணியும் உலகக் கிண்ணத்துக்குப் போகும்போது நெஞ்சில் இலங்கை என்றுதான் இருக்கும், அனுசரணையாளர் பெயர் கைக்குப் போய்விடும். இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். இனி ஊர்ப் பெயர் நெஞ்சில் 10 அங்குலம், அனுசரணையாளருக்கு உள்ள இடம் அங்குலக் கணக்கில் கடதாசியில் எழுதிக் கையெழுத்து. டிசைன் மாற்ற வேண்டுமென்றால் கழகச் செயலாளரின் எழுத்து இல்லாமல் கடை கை வைக்கக் கூடாது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் வந்தது. கைபேசியில் பந்தயம் கட்டுகிற ஒரு செயலிக்காக ஒருவர் வந்து, நெஞ்சைத் தந்தால் 60,000 தருவதாகச் சொன்னார். இரண்டு பேர் யோசித்தார்கள். எங்கள் கோல் காப்பாளர் காத்தான்குடி முஸ்லிம் பொடியன், அதிகம் பேசமாட்டான். எழும்பி நின்று, “அண்ணன், அதப் போட்டுட்டு நான் கோலுக்க நிக்க ஏலாது” என்றான். அதோடு பேச்சு முடிந்தது. தென்னாபிரிக்காவுக்குத் துடுப்பெடுத்தாடிய ஹசிம் அம்லா, தன் மார்க்கத்துக்காக அணியின் பியர் அனுசரணையாளர் பெயரை ஜேர்சியில் போடாமலே விளையாடியவர். அவரை அணியும் மதித்தது. எங்கள் பொடியனை நாங்கள் மதிக்கா விட்டால் என்ன கழகம்? மதுவும் சிகரெட்டும் நம் நாட்டில் 2006 இன் சட்டத்தால் ஜேர்சிப் பக்கம் வர முடியாது. பந்தயம்தான் இப்போது வருகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களே 2025-26 பருவத்தோடு நெஞ்சிலிருந்து சூதாட்டப் பெயர்களை எடுப்பதாக 2023 இல் ஒப்புக்கொண்டன. அங்கே சிறுவர் அளவு ஜேர்சியில் அந்தப் பெயர்களைப் போடுவதில்லை. இங்கே தெருவோரத்தில் தொங்குகிற போலி ஜேர்சியில் ஆறு வயதுப் பிள்ளையின் அளவிலும் அந்தப் பெயர் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கிற தாய் தகப்பன் ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.

பிறகு பழைய ஜேர்சிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ‘ஹா’ இல்லாத எட்டாம் இலக்கத்தை மேசையில் விரித்து வைத்தேன். கடைக்காரர் வாதாடவில்லை. “அண்ணன், உங்களக் கேக்காம மாத்தினது எங்கட பிழை” என்று சொல்லி, 16 ஜேர்சியைப் பாதி விலைக்கு அடித்துத் தர ஒப்புக்கொண்டார். முழுவதையும் சும்மா தந்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்த முறை ஒன்றை முதலில் அடித்து, நீலத்தைக் காட்டி, சம்மதம் கேட்ட பிறகே மிச்சத்தை அடித்தார்கள். எட்டாம் நாள் கைக்கு வந்தது. நீலம் நீலமாகவே இருக்கிறது. நெஞ்சில் ஊர். அதற்குக் கீழே ஹாட்வெயார், மஞ்சள் எழுத்தில், மினுக்கம் இல்லை. முதலாளிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எண்ட பேர் உரிஞ்சு வாளிக்க கிடக்கிறத விட இது நல்லம்” என்றார்.

முதல் ஓடருக்கு நான் ஐந்துக்கு இரண்டு தருவேன், இரண்டாவதற்கு நாலு. துணிக்கும் தையலுக்கும் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். பொன், வெள்ளி மினுக்கம் ஆசைகாட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழைய ஜேர்சியில் ஒன்று தரச் சொல்லி மாமி ஆள் அனுப்பியிருந்தார், பெட்டிக்குள் வைக்க. ஐந்தாம் இலக்கத்தை எடுத்தேன். நெஞ்சில் மிச்சமிருந்த பொன் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன், பசை போகவில்லை. மனைவி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவிட்டு மடித்துக் கொடுத்தாள். மாமி வாங்கியதும் கைப்பகுதியைத்தான் முதலில் விரித்துப் பார்த்தார்.